பீப்பாய்க்குள் ஒரு கடல்: படகு மோட்டாரைக் கரையில் சோதித்த கதை

ஸ்கூட்டரை ரிப்பேர் செய்த மெக்கானிக் அதை ஸ்டாண்டு போட்டு முறுக்கிப் பார்ப்பார். தெருவில் ஒரு ரவுண்டு அடிப்பார். முடிந்தது. படகின் பின்பலகையில் மாட்டுகிற அவுட்போர்டு மோட்டாரை ரிப்பேர் செய்தவர் என்ன செய்வார்? கடல் பட்டறைக்குள் வராது. ஒவ்வொரு தடவையும் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு கடலுக்கு ஓடவும் முடியாது.

உலகம் முழுக்க இதற்கு ஒரே பதில்தான். 200 லிட்டர் டிரம்மின் மேல்மூடியை வெட்டி எடு. தண்ணீர் நிரப்பு. பக்கத்தில் ஒரு சட்டம் அடித்து, அதில் மோட்டாரை மாட்டி, கால்பகுதியைத் தண்ணீருக்குள் இறக்கு. ஸ்டார்ட் பண்ணு. நார்வேயிலும் இதுதான், நாகர்கோவில் பக்கத்திலும் இதுதான்.

பார்க்க ரொம்ப சாதாரணமான ஏற்பாடு. ஆனால் இந்த டிரம்முக்குள் என்ன நடக்கிறது என்று தோண்டிப் பார்த்தால், 19ஆம் நூற்றாண்டின் மூன்று பெரிய சோதனைகள் அதற்குள் ஒளிந்திருக்கின்றன. தண்ணீரைத் தொட்டிக்குள் கொண்டுவந்து ஒன்றைச் சோதிப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஜூலும் ஃப்ரூடும் பார்சன்ஸும் ஆளுக்கொரு விதத்தில் கண்டுபிடித்தார்கள். அந்தக் கதைதான் இந்தக் கட்டுரை.

முதலில், ஏன் தண்ணீர்?

அவுட்போர்டு என்பது தலைகீழாக நிற்கும் மரம் மாதிரி. எஞ்சின் மேலே. அதிலிருந்து ஒரு தண்டு செங்குத்தாகக் கீழே இறங்கும். அடியில் சின்ன கியர் பெட்டி, அதன் பின்னால் புரொப்பல்லர். பெரும்பாலான மாடல்களில் எஞ்சினைக் குளிரவைப்பது ரேடியேட்டர் அல்ல, கடல்தான். கால்பகுதியில் உள்ள துவாரம் வழியாக நீரை உறிஞ்சி மேலே அனுப்ப ஒரு பம்பு இருக்கிறது. அந்தப் பம்பின் உள்ளே சுழல்வது ரப்பர் இதழ்கள் கொண்ட ஒரு சின்ன சக்கரம், இம்பெல்லர் என்பார்கள். இரும்பு உறைக்குள் ரப்பர் உரசிக்கொண்டே சுற்றும். அந்த உரசலுக்கு எண்ணெய் மாதிரி இருப்பதும் அதே தண்ணீர்தான்.

அதனால் தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் எஞ்சின் சூடாவதற்கு முன்பே அந்த ரப்பர் கருகிவிடும். கொஞ்ச நேரம் போதும். அப்புறம் கடலில் இறக்கினாலும் நீர் ஏறாது.

எஞ்சின் ஓடும்போது பின்பக்கத்தில் ஒரு மெல்லிய நீர்த்தாரை பீய்ச்சும். அதைப் பார்த்தால் பம்பு வேலை செய்கிறது என்று அர்த்தம். டிரம் சோதனையில் மெக்கானிக்கின் கண் முதலில் போவது அந்தத் தாரைக்குத்தான்.

வெறுமனே எஞ்சின் ஸ்டார்ட் ஆகுமா, நீர் ஏறுமா என்று பார்க்க டிரம் போதும். பிரச்சினை அதற்கு அடுத்த கேள்வியில் ஆரம்பிக்கிறது: *இது பளு தாங்குமா?*

கியரைப் போட்டு ஆக்ஸிலரேட்டரைத் திருப்பினால் டிரம்முக்குள் மூன்று விஷயம் நடக்கும். ஒன்று, தண்ணீர் புரொப்பல்லரோடு சேர்ந்து சுற்ற ஆரம்பிக்கும். இரண்டு, தண்ணீர் சூடாகும். மூன்று, தண்ணீர் நுரைக்கும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மான்செஸ்டரின் டிரம்

ஜேம்ஸ் ஜூல் ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்ல. மான்செஸ்டர் பக்கத்தில் பீர் வடிசாலை வைத்திருந்த குடும்பத்தின் பிள்ளை. ஆராய்ச்சி அவருக்குச் சொந்த ஆர்வம், சொந்தச் செலவு. (என்னைப் போன்ற பகுதிநேர ஆராய்ச்சியாளர்களுக்குக் குலதெய்வம் என்றே சொல்லலாம்.)

1845இல் அவர் விவரித்த ஒரு சோதனை இன்றும் பள்ளிப் பாடத்தில் இருக்கிறது. ஒரு செம்புப் பாத்திரம் நிறைய தண்ணீர். நடுவே துடுப்புகள் கொண்ட ஒரு தண்டு. கப்பிகளில் தொங்கும் எடைகள் கீழே இறங்கும்போது அந்தத் தண்டு சுழன்று தண்ணீரைக் கடையும். கடையக் கடைய தண்ணீர் சூடாகும். எவ்வளவு வேலைக்கு எவ்வளவு சூடு என்று அளந்தார். எடைகளைத் திரும்பத் திரும்ப மேலே ஏற்றி, இருபது தடவை இறக்கியும் வெப்பம் ஏறியது சுமார் அரை ஃபாரன்ஹீட் டிகிரி. அதை நம்பகமாக அளக்க முடிந்ததுதான் அவருடைய சாமர்த்தியம். ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு ஃபாரன்ஹீட் டிகிரி சூடாக்க 772 அடி-பவுண்டு வேலை வேண்டும் என்று 1850இல் எழுதினார். பிற்பாடு துல்லியப்படுத்திய 772.55 என்ற எண் அவருடைய கல்லறையிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது.

பாடப்புத்தகப் படத்தில் பலரும் கவனிக்காமல் விடுகிற ஒரு சின்ன விஷயம் உண்டு. ஜூலின் பாத்திரத்தில் சுழலும் துடுப்புகள் மட்டும் இல்லை, பாத்திரத்தின் சுவரோடு அசையாமல் பொருத்திய தடுப்புத் தகடுகளும் இருந்தன. துடுப்பு புகுந்து போகிற அளவுக்கு அவற்றில் இடைவெளி வெட்டியிருந்தார்.

அந்தத் தகடுகள் எதுக்கு? அவை இல்லாவிட்டால் தண்ணீர் துடுப்போடு சேர்ந்து ராட்டினம் மாதிரி சுற்ற ஆரம்பித்துவிடும். தண்ணீரே கூடச் சுற்றினால் துடுப்புக்கு எதிர்ப்பு குறையும். டம்ளரில் ஸ்பூனை ஒரே திசையில் சுற்றிப் பாருங்கள், முதல் ரவுண்டில் இருக்கும் கனம் ஐந்தாவது ரவுண்டில் இருக்காது.

மோட்டார் டிரம்மில் அப்படியே இதுதான் நடக்கிறது. புரொப்பல்லர் தள்ளும் நீர் வளைந்த சுவரில் மோதி, டிரம்மைச் சுற்றி ஓடி, திரும்பப் புரொப்பல்லருக்கே வருகிறது. நடுவில் குழி விழுந்து, ஓரத்தில் நீர் ஏறி வெளியே வழிகிறது. அதனால்தான் அனுபவம் உள்ளவர்கள் டிரம்முக்குள் குறுக்கே ஒரு பலகையைச் செருகுவார்கள். ஜூல் வைத்த தகடும் அந்தப் பலகையும் ஒன்றுதான்.

சூட்டின் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். 8 எச்.பி. மோட்டார் என்றால் ஏறக்குறைய 6 கிலோவாட். டிரம்மில் 180 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், அதை ஒரு செல்சியஸ் டிகிரி ஏற்ற சுமார் 754 கிலோஜூல் வேண்டும். புரொப்பல்லர் முழுத் திறனோடு கடைந்தால் அது மட்டுமே இரண்டு நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏற்றும். இதோடு எஞ்சினைக் குளிரவைத்துவிட்டுத் திரும்பும் சூட்டுத் தண்ணீரும் அதே டிரம்மில்தான் விழுகிறது. அதையும் தோராயமாக அதே அளவு என்று எடுத்துக்கொண்டால், நிமிடத்துக்கு ஒரு டிகிரி. நம்ம ஊர் வெயிலில் 30 டிகிரியில் தொடங்கும் தண்ணீர் பத்து நிமிடத்தில் 40ஐத் தொடும். கடல் அப்படி ஏறாது. அதாவது டிரம்மில் நீண்ட நேரம் ஓட்டினால், சோதிக்கிற சூழலே சோதனைக்கு நடுவில் மாறிக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் ஹோஸில் புதுத் தண்ணீர் விட்டுக்கொண்டே, மறுபக்கம் வழியவிடுவது இதனால்தான்.

புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு ஒரு பெட்டி

அடுத்தவர் வில்லியம் ஃப்ரூட். இங்கிலாந்தின் டார்க்கியில் தன் வீட்டருகே, கடற்படையின் பணத்தில், சுமார் 278 அடி நீளத்துக்கு ஒரு தொட்டி கட்டி 1872இல் சோதனைகளை ஆரம்பித்தவர். மெழுகில் செய்த கப்பல் மாதிரிகளை அதில் இழுத்து, நீரின் எதிர்ப்பை அளந்தார். சின்ன மாதிரியில் கிடைத்த எண்ணைப் பெரிய கப்பலுக்கு எப்படி மாற்றுவது என்ற விதி அவர் பெயரால்தான் இன்றும் வழங்குகிறது. கப்பல் கட்டும் உலகில் தொட்டிச் சோதனை என்ற மரபுக்கு அதுதான் முன்னோடி.

ஆனால் நம் கதைக்கு அந்த நீளத் தொட்டியை விட முக்கியமானது அவருடைய இன்னொரு சாதனம். 1877இல் அவர் ஒரு கட்டுரை வாசித்தார். கேள்வி இதுதான்: ஒரு பெரிய கப்பலின் எஞ்சின் புரொப்பல்லருக்கு உண்மையில் எவ்வளவு திறனைக் கொடுக்கிறது? கப்பலைக் கடலில் ஓட்டாமலே இதை அளக்க முடியுமா?

புரொப்பல்லரைக் கழற்று. அதே தண்டின் முனையில் ஒரு வட்டப் பெட்டியை மாட்டு. பெட்டிக்குள் சுழலும் சக்கரத்தில் வரிசையாகக் குழிகள். அதற்கு எதிரே, சுழலாத உறையிலும் குழிகள். நடுவில் தண்ணீர். சக்கரம் சுழலும்போது நீர் ஒரு குழியிலிருந்து எதிர்க்குழிக்கு எறியப்பட்டு, மோதி, திரும்பி வந்து, மறுபடி எறியப்படும். தண்ணீர் சேர்ந்து சுற்றவே வழியில்லை. உறை தானும் சுழலப் பார்க்கும். அதை ஒரு நீளமான கை பிடித்து நிறுத்தும். அந்தக் கையின் முனையில் எவ்வளவு விசை என்று பார்த்து, வேகத்தோடு பெருக்கினால் எஞ்சினின் திறன் கையில். உள்ளே பிறக்கும் சூட்டை ஓடும் நீர் வெளியே எடுத்துப்போகும்.

ஜூலின் பாத்திரமும் ஃப்ரூடின் பெட்டியும் ஒரே குடும்பம் என்று பார்த்தவுடனே தெரியும். ஜூல் சூட்டை அளந்தார், ஃப்ரூட் திருகுவிசையை அளந்தார். இரண்டிலும் ரகசியம் ஒன்று: *தண்ணீரைத் தப்பிக்க விடாதே.* இந்தத் தண்ணீர் பிரேக்கை ஹீனன் அண்ட் ஃப்ரூட் என்ற நிறுவனம் பிறகு உலகம் முழுக்க விற்றது. எஞ்சின் சோதனைக் கூடங்களில் இந்த வகை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

நான் மென்பொருள்காரன். எங்கள் துறையில் இதை லோட் டெஸ்ட் என்போம். ஒரு ஆள் லாகின் செய்தால் ஓடுகிற வெப்சைட் பத்தாயிரம் பேர் வந்தால் ஓடுமா? அதைத் தெரிந்துகொள்ள பத்தாயிரம் பேரைக் கூப்பிட முடியாது, அவர்களைப் போல நடிக்கிற ஒரு நிரலை எழுதுவோம். ஃப்ரூட் செய்தது இதைத்தான். கடலைக் கொண்டுவரவில்லை. எஞ்சினின் பார்வையில் கடல் மாதிரி நடிக்கிற ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார்.

பார்சன்ஸின் கொதிநீர்

மூன்றாவது பிரச்சினை நுரை.

சார்லஸ் பார்சன்ஸ் 1884இல் நீராவி டர்பைனைக் கண்டுபிடித்தவர். அதைக் கப்பலில் பொருத்திக் காட்ட 1894இல் டர்பீனியா என்ற நூறடிச் சொச்சம் நீளமுள்ள மெல்லிய கப்பலைக் கட்டினார். எஞ்சின் பிரமாதமாகச் சுற்றியது. கப்பல் மட்டும் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. புரொப்பல்லரை மாற்றி மாற்றிப் பார்த்தும் 20 நாட் வேகத்தைக்கூடத் தொடவில்லை.

காரணம் புரொப்பல்லர் இதழின் பின்புறத்தில் இருந்தது. மிக வேகமாகச் சுழலும்போது அங்கே அழுத்தம் ரொம்பவும் குறைந்து, தண்ணீர் குளிர்ந்த நிலையிலேயே கொதித்து ஆவிக்குமிழ் ஆகிறது. புரொப்பல்லர் தண்ணீரைத் தள்ளுவதற்குப் பதில் வெற்றிடத்தைக் கடைந்துகொண்டிருந்தது. கேவிடேஷன் என்று இதற்குப் பெயர் சொன்னவர் வில்லியம் ஃப்ரூடின் மகன் ராபர்ட் எட்மண்ட் ஃப்ரூட்.

இதைக் கண்ணால் பார்க்க பார்சன்ஸ் செய்த ஏற்பாடுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கடலில் கப்பலுக்கு அடியில் போய்ப் பார்க்க முடியாது. சின்னத் தொட்டியில் சின்னப் புரொப்பல்லரைச் சுழற்றினால் கேவிடேஷன் வருமளவு வேகம் கிடைக்காது. சரி, புரொப்பல்லரை வேகமாக்க முடியாவிட்டால் தண்ணீரைச் சுலபமாகக் கொதிக்கிற மாதிரி மாற்றிவிடலாமே! இரண்டு அங்குல விட்டமுள்ள ஒரு பொம்மைப் புரொப்பல்லரை, கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் சுடுநீரில் சுழற்றிப் பார்த்தார். குமிழ்கள் வந்தன.

பிறகு 1895இல் செம்பில் ஒரு மூடிய வளையக் குழாய் செய்தார். அதிலிருந்த காற்றைப் பம்பு வைத்து உறிஞ்சி அழுத்தத்தைக் குறைத்தார். கண்ணாடி ஜன்னல் வைத்து, புரொப்பல்லரின் சுழற்சியோடு இணைந்து மின்னும் விளக்கொளியில் பார்த்தார். சுழலும் புரொப்பல்லர் நின்றது போலத் தெரிந்தது, குமிழ் எங்கே பிறக்கிறது என்பதும் தெரிந்தது. உலகின் முதல் கேவிடேஷன் சுரங்கம் அது. மேஜை மேல் வைக்கக்கூடிய அளவுதான்.

விளைவு: ஒரு தண்டுக்குப் பதில் மூன்று தண்டுகள், ஒவ்வொன்றிலும் மூன்று புரொப்பல்லர்கள், மொத்தம் ஒன்பது. 1897 ஜூன் 26, விக்டோரியா மகாராணியின் வைர விழாக் கடற்படை அணிவகுப்பு. அழைப்பு இல்லாமல் டர்பீனியா கடற்படைக் கப்பல்களின் வரிசைகளுக்கு நடுவே பாய்ந்து ஓடியது. துரத்திய கடற்படைப் படகுகளால் பிடிக்க முடியவில்லை. 34 நாட்டுக்கு மேல் போகக்கூடியது என்று காட்டிய அந்தக் கப்பலை நியூகாசில் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம்.

நம் டிரம்மில் வரும் நுரை பெரும்பாலும் கேவிடேஷன் இல்லை. அது மேலிருந்து உறிஞ்சப்படும் காற்றும் மோட்டாரின் புகையும். பல அவுட்போர்டுகளில் புகை வெளியேறுவதே தண்ணீருக்கு அடியில்தான். கடலில் அது பின்னால் போய்விடும். டிரம்மில் அதே தண்ணீரில் தங்கும். புரொப்பல்லருக்கு மேலே இருக்கும் தட்டை நம் மெக்கானிக்குகளும் சில கம்பெனி கையேடுகளும் கேவிடேஷன் பிளேட் என்கின்றன. உண்மையில் அது தடுப்பது மேற்பரப்புக் காற்று உள்ளே இழுக்கப்படுவதைத்தான். பெயர் தவறாக ஒட்டிக்கொண்டது.

ஆனால் பெயர் எதுவானாலும் பாடம் ஒன்றே. புரொப்பல்லர் நுரையைக் கடைந்தால் அதற்குப் பளு இல்லை. எஞ்சின் சட்டென்று வேகமெடுத்து அலறும். கேட்பவருக்கு 'எஞ்சின் சூப்பரா ஓடுது' என்று தோன்றும். உண்மையில் அது சும்மா சுற்றுகிறது. கூடவே பம்பும் நுரையை உறிஞ்சினால் குளிர்நீரும் போச்சு.

ஏரியையே வாங்கியவர்

அவுட்போர்டின் பிறப்புக் கதை எழுதியவர்கள் தொட்டியைப் பற்றி அதிகம் பேசுவதில்லை, ஆறுகளையும் ஏரிகளையும் பற்றித்தான் பேசுவார்கள். 1881இல் குஸ்தாவ் த்ரூவே பாரிஸின் செயின் நதியில் மின்சார மோட்டாரைப் படகின் பின்னால் மாட்டி ஓட்டினார். 1905இல் கேமரன் வாட்டர்மேன் டெட்ராய்ட் நதியில் தன் பெட்ரோல் மோட்டாரை ஓட்டிப் பார்த்தார். நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் விஸ்கான்சினில் வளர்ந்த ஓலே எவின்ரூட் 1909இல் மில்வாக்கியில் விற்பனைக்குக் கொண்டுவந்த மோட்டார் 1.5 எச்.பி., எடை 62 பவுண்டு, விலையும் 62 டாலர். காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்க வெயிலில் துடுப்புப் போட்டுப் போனதில் பிறந்த யோசனை என்பது அதைச் சுற்றிச் சொல்லப்படும் பிரபலமான கதை.

ஒன்றிரண்டு மோட்டார் என்றால் ஆற்றுக்கு எடுத்துப்போகலாம். ஆயிரக்கணக்கில் செய்ய ஆரம்பித்தால்? தொழிற்சாலைக்குள்ளேயே தண்ணீர் வேண்டும். கம்பெனிகள் தொட்டிகள் கட்டின. தொட்டியின் குறைகளும் கூடவே வந்தன. அதற்கு அவர்கள் கண்ட வழி ஒரு தனிப் புரொப்பல்லர். டெஸ்ட் வீல் என்று பெயர். படகைத் தள்ளுவதற்காக அல்ல, சின்னத் தொட்டியிலும் எஞ்சினுக்குச் சரியான பளு கொடுப்பதற்காகவே வடிவமைத்த சக்கரம். பழைய ஜான்சன், எவின்ரூட் சர்வீஸ் கையேடுகளில் ஒவ்வொரு மாடலுக்கும் எந்த டெஸ்ட் வீல், முழு வேகத்தில் குறைந்தது எத்தனை சுற்று வரவேண்டும் என்று அட்டவணையே இருக்கும். ஃப்ரூடின் பெட்டியைச் சுருக்கி மோட்டாரின் வாலில் மாட்டியது மாதிரி.

இது ஏன் தேவைப்பட்டது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஓடும் படகில் புரொப்பல்லருக்கு எதிரே நீர் வந்துகொண்டே இருக்கிறது. அசையாமல் கட்டிவைத்த படகில் அதே புரொப்பல்லருக்குப் பளு அதிகம், எஞ்சின் முழுச் சுற்றுக்குப் போகாமல் திணறும். சுழலும் நுரைநீரில் பளு குறைவு, எஞ்சின் அளவுக்கு மீறிச் சுற்றும். ஆக, தொட்டி இரண்டு பக்கமும் பொய் சொல்லும். எந்தப் பொய் எவ்வளவு என்று பார்த்து மட்டும் சொல்ல முடியாது.

தொட்டிகளை மட்டும் நம்பாதவர் ஒருவர் இருந்தார். கார்ல் கீக்ஹாஃபர். 1939இல் விஸ்கான்சினில் சீடர்பர்க் என்ற ஊரில் நொடித்துப்போன ஒரு தொழிற்சாலையை வாங்கினார். உள்ளே கிடந்த சொத்து, மான்ட்கமரி வார்டு நிறுவனம் சரியாக ஓடவில்லை என்று திருப்பி அனுப்பிய சுமார் 300 அவுட்போர்டு மோட்டார்கள். அவற்றைத் திருத்தி அதே நிறுவனத்துக்கு விற்றார். மெர்க்குரி மோட்டார்கள் அங்கிருந்து கிளம்பியவை. வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய சரக்கில் தொழில் தொடங்கிய மனிதருக்கு, சோதனை என்றால் வெறி இருந்ததில் வியப்பில்லை. 1957இல் புளோரிடாவின் நடுவே, வெளியாள் நுழைய முடியாத ஒரு ஏரியைச் சோதனைக்களம் ஆக்கினார். வரைபடத்தில் அதன் பெயர் கான்லின் ஏரி. கம்பெனிக்குள் லேக் எக்ஸ். அங்கே மோட்டார்களை 25,000 மைல், அதாவது பூமியின் சுற்றளவுக்கு, படகு ஓடிக்கொண்டிருக்கும்போதே எரிபொருள் நிரப்பி, இரவு பகலாக ஓட்டிக் காட்டினார்.

டிரம்மின் நேர் எதிர்முனை அது. ஏரியையே வளைத்துப்போட வசதி இருந்தால் தொட்டியின் பொய்களைப் பற்றிக் கவலை இல்லை.

வசதி இல்லாத கரை

1980களில் திருவனந்தபுரம், கன்னியாகுமரி கடற்கரைகளில் ஜப்பானிய மண்ணெண்ணெய் அவுட்போர்டுகள் பரவின. அதே காலத்தில் முட்டத்தில் ஒட்டுப்பலகைப் படகுகள் கட்டப்பட்டன. கட்டுமரத்தில் பாய் கட்டிப் போனவர்கள், காற்று இல்லாத நாளிலும் போய்த் திரும்பலாம் என்றானது. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற மோட்டார்கள் இவை.

இந்தக் கரையில் டிரம் வசதிக்காக வந்தது இல்லை, வேறு வழி இல்லாமல் வந்தது. பல ஊர்களில் துறைமுகம் கிடையாது. மணலில் இருந்து நேராக அலையைக் கிழித்துத்தான் வள்ளம் இறங்க வேண்டும். ஒரு மோட்டாரைச் சோதிக்க நாலைந்து பேர் வள்ளத்தைத் தள்ள வேண்டும், எண்ணெய் எரிய வேண்டும், அலை அனுமதிக்க வேண்டும். ஆனி ஆடியில் கடல் பொங்கும்போது சோதனைக்கு என்று யாரும் இறக்க மாட்டார்கள்.

அதே அலைதான் ஆபத்தும். கரைக்குத் திரும்பும்போது அலை உடையும் இடத்தில் மோட்டார் நின்றால் வள்ளம் குறுக்கே திரும்பும், அடுத்த அலை கவிழ்க்கும். ஆழ்கடலில் நின்றால் நீரோட்டம் இழுத்துப்போகும். மோட்டார் நிற்பது இங்கே வெறும் ரிப்பேர் செலவு இல்லை.

இந்தப் பக்கத்தில் ஒரு பட்டறையில் அரை நாள் உட்கார்ந்து பார்த்தேன். வெயிலில் வெளிறிய நீல பிளாஸ்டிக் டிரம், அருகில் மண்ணில் நட்ட இரண்டு கட்டைகள், குறுக்கே பலகை. மோட்டாரின் எடை பலகையில், டிரம்மில் அல்ல. திறந்த வெளி, புகை தங்காது. டிரம்மில் என்ன பார்ப்பீர்கள் என்று கேட்டேன்.

"ஸ்டார்ட் ஆவுதா, தண்ணி பீச்சுதா, கியர் விழுதா. அவ்வளவுதான் தம்பி. டிரம்முல ஓடுனா எஞ்சினுக்கு உயிர் இருக்குன்னு சொல்லலாம். நல்லாருக்குன்னு சொல்லக் கூடாது."

"அப்போ நல்லாருக்குன்னு எப்போ சொல்லுவீங்க அண்ணே?"

"அவன் போயிட்டுத் திரும்பி வந்தப்புறம்."

அவர் முழு வேகத்தில் டிரம்மில் எந்த மோட்டாரையும் முறுக்கவில்லை. ஏன் என்று அவர் சொன்ன காரணம் 'தண்ணி தெறிச்சிரும், சவுண்டு ஏமாத்தும்' என்பது. ஏமாத்தும் என்ற அந்தச் சொல்லில் மேலே எழுதிய மூன்று சோதனைகளும் அடங்கிவிட்டன.

டிரம்மில் தெரியாதவை என்று ஒரு பட்டியல் போடலாம். புரொப்பல்லரின் நடுவில் உள்ள ரப்பர் புஷ் தேய்ந்திருந்தால் மெதுவாகச் சுற்றும்போது பிடித்துக்கொள்ளும், பளு ஏறினால்தான் நழுவும். கார்புரேட்டரில் எண்ணெய் போதாமல் வருவது முழு வேகத்தில், முழுப் பளுவில்தான் தெரியும். பாதி அடைத்த குளிர்நீர்ப் பாதை ஐந்து நிமிடத்தில் காட்டிக்கொடுக்காது. மூன்றுமே கரையில் தேறி, கடலில் தோற்கும் வகை.

அதற்காக டிரம் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. ரப்பர் கிழிந்த பம்பு, விழாத கியர், பிடிக்காத ஸ்பார்க், இதெல்லாம் டிரம்மிலேயே சிக்கிவிடும். அதில் சிக்குகிற ஒவ்வொரு கோளாறும் கடலுக்குப் போகாமல் தடுக்கப்பட்ட ஒரு கோளாறு. ஜூலும் ஃப்ரூடும் பார்சன்ஸும் தொட்டியைக் கைவிடவில்லை. தங்கள் தொட்டி எந்த இடத்தில் கடல் இல்லை என்று தெரிந்துகொண்டு, அந்த இடத்தில் ஒரு தகடோ, ஒரு குழியோ, கொஞ்சம் சுடுநீரோ வைத்தார்கள். கீக்ஹாஃபர் ஏரி பிடித்தார்.

இது எதுவும் கைக்கு எட்டாத இடத்தில் மிஞ்சுவது ஒன்றுதான்: தொட்டி சொன்னதற்கு மேல் ஒரு வார்த்தை கூடச் சொல்லாமல் இருப்பது. அந்த அளவுக்கு நிதானமாக 'பாஸ்' என்ற சொல்லைப் பயன்படுத்தும் சோதனைக் குழுவை என் இருபது வருட மென்பொருள் வேலையில் அதிகம் பார்த்ததில்லை.